சூடானா போயிடுது சார்!

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி நடத்திய தமிழய்யா சலசல, கலகல, மளமள என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டார். ஓடைக்குச் சொல் இருந்தது, சிரிப்புக்குச் சொல் இருந்தது, முறிகிற கிளைக்குக்கூட இருந்தது. ஒரு பழைய மாருதி 800-ன் பானெட்டுக்குள்ளிருந்து காலை ஆறே முக்காலுக்கு வருகிற சத்தத்துக்கு மட்டும் மனிதர் ஒன்றுமே சொல்லித் தரவில்லை.

மெக்கானிக்கிடம் போய் ‘சத்தம் வருது’ என்றால் விட மாட்டார். “எப்படி சார் வருது?” என்பார். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, நாம் வாயால் வாசித்துக் காட்ட வேண்டும். நான் “டிக் டிக்” என்றேன். என் மனைவி “இல்லீங்க, சட் சட்” என்றாள். மச்சினன் “கடக் கடக்” என்று ஒரேயடியாக பயமுறுத்தினான். பின் சீட்டிலிருந்து அம்மா, “தையல் மெஷின்டா” என்றாள். நாலு பேரும் கேட்டது ஒரே சத்தத்தை!

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அந்தக் காரில் இருந்தது எங்கள் என்ஜினே இல்லை. கார் எங்களுடையது. 1998-ல் அப்பா ரிடையரானபோது பி.எஃப். பணத்தில் வாங்கியது. என்ஜின் மட்டும் வேறு யாருடையதோ.

2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயலைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் காரின் ஸ்டியரிங் வரைக்கும் ஏறி, மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. வடிந்த மறுநாள் மச்சினன் உதவிக்கு வந்தான். (உதவிக்கு வருகிற மச்சினன்மார்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) நான் மொட்டை மாடியில் மெத்தை காயப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தன் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, சாவியைத் திருகியிருக்கிறான். “ஸ்டார்ட் ஆகுதான்னு சும்மா பார்த்தேன் மாமா.”

ஸ்டார்ட் ஆனது. அதுதான் வினை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மூன்று சிலிண்டரில் ஒன்று எப்படியோ பிடித்துக்கொண்டு சுழல, இன்னொன்றுக்குள் வெள்ளத் தண்ணீர் இருந்தது. பிஸ்டன் மேலே ஏறுகிறது, தண்ணீர் வழிவிட மறுக்கிறது, நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வாழைத்தண்டு மாதிரி வளைந்துவிட்டது. மாடியில் எனக்குக் கேட்டது ஒரே ஒரு ‘டணார்’. அந்தச் சத்தத்தில் எந்தக் கருத்து வேற்றுமையும் இல்லை.

பழைய வண்டி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும்தான். பைசா வராது. “எடைக்குப் போட்டுடுங்க” என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் காலை ஏழு மணிக்கு பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற முழங்கால் மடங்காது. டாக்ஸி வந்தால், டிரைவர் அவசரப்படுத்துகிறார் என்று பாதி வழியிலேயே அழுகிறாள். இந்தக் காரில் மட்டும், கதவுக்கு மேல் எங்கே கை வைக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று இருபத்தைந்து வருஷப் பழக்கம். அதனால் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

மேஸ்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. அறுபத்து மூன்று வயது. இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் காரைப் பார்ப்பவர். ஒரு காலத்தில், வண்டி தெருமுனையில் திரும்பும்போதே “ஃபேன் பெல்ட் லூஸு” என்று சொல்லிவிட்டு, நாம் போய் நிறுத்துவதற்குள் ஸ்பானரோடு நிற்பார். அவர் காதைப் பற்றி எங்கள் பேட்டையில் ஒரு புராணமே உண்டு.

அவர் என்னைப் புதுப்பேட்டைக்கு அழைத்துப் போனார். எழும்பூருக்குப் பக்கத்தில், கூவக்கரையோரம் இப்படி ஓர் உலகம் இருப்பதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு கடை முழுக்கக் கதவுகள். ஒரு கடை முழுக்க ஹெட்லைட்டுகள், நம்மையே முறைத்துக்கொண்டு. என்ஜின்கள் கறுத்த எண்ணெய்ச் சேற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றையும் தட்டிக் கொடுத்து, “டாக்டர் ஓட்டின வண்டி சார்” என்றார். தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் மாருதி ஓட்டிக்கொண்டிருந்தால் நோயாளிகளை யார்தான் பார்த்தார்கள்?

மேஸ்திரி எதையும் காதில் வாங்கவில்லை. (இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அது முழு உண்மை!) ஆயில் மூடியைத் திறந்து, உட்பக்கம் விரலால் வழித்துப் பார்த்தார். வெள்ளையாக, தயிர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்த என்ஜின் என்று ஒதுக்கினார். அளவுக்கம்பியை உருவி முகர்ந்தார். புல்லியைக் கையால் மெதுவாகச் சுற்றி, மூன்று இடத்திலும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளுகிறதா என்று பார்த்தார். ஐந்தாவது என்ஜினில் தலையை ஆட்டினார். 18,000 ரூபாய். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதங்களையும் கேட்டு வாங்கினார், ஆர்.சி. புத்தகத்தில் புது என்ஜின் எண் ஏறவில்லையென்றால் நாளைக்குப் போலீஸ்காரர் பார்வையில் நாம்தான் திருடன். அந்த அலுவலகத்துக்கு நான் எத்தனை நடை நடந்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

பொங்கலுக்குள் வண்டி வந்துவிட்டது. நன்றாக இழுத்தது. ஒரு வாரம் கழித்துத்தான் அந்த டிக் டிக்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும். அம்மாவை ஏற்றி, கேட்டைச் சாத்தி, மூன்றாவது சிக்னல் தாண்டுகிற வரைக்கும் கூடவே வரும். அப்புறம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போய்விடும். மேஸ்திரி கடை எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். நான் போய்ச் சேரும்போது என்ஜின் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசற்படியில் ஏறியதும் வலி நின்றுவிடுமே, அதே கதை. இரண்டு தடவை அப்படிப் போனேன். இரண்டு தடவையும், “ஒண்ணும் இல்லையே சார்.”

மூன்றாம் தடவை ராத்திரி வண்டியை அவர் கடையிலேயே விட்டுவிட்டு, விடிந்ததும் போனேன். அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையன், பத்தொன்பது வயது, சாவியைத் திருகினான். டிக் டிக் டிக் டிக். சுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்! நான் வெற்றிப் புன்னகையோடு மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, அரை நிமிஷம் நின்றார். நிமிர்ந்தார்.

“நல்லாத்தானே சார் ஓடுது?”

பையன் என்னைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அது டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

வீட்டில் மகாநாடு கூடியது. “ஓட்டை என்ஜினைத் தலையில கட்டிட்டார் மாமா. அதான் கேக்காத மாதிரி நடிக்கிறார்” என்றான் மச்சினன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வருஷத்தில் மாற்றிய பழைய பார்ட்டைக் காகிதத்தில் சுற்றி, கையில் கொடுத்துத்தான் காசு வாங்குவார் அந்த மனிதர். ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியாதே! மச்சினனுக்குத் தெரிந்த ஒரு பெரிய வொர்க்‌ஷாப்புக்கு வண்டி போனது.

ஏ.சி. அறை, காப்பி மெஷின், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள். அவர்களும் வண்டியை ராத்திரி வைத்திருந்து, காலையில் கேட்டார்கள். ஒவ்வொரு ப்ளக் ஒயராகக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டர் ஒயரைப் பிடுங்கியதும் சத்தம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. “பாருங்க சார். அந்த சிலிண்டர்ல வெடிப்பு இல்லேன்னா சத்தம் இல்ல. கனெக்டிங் ராடு பேரிங். என்ஜினை இறக்கணும்.” கையகல கம்ப்யூட்டரில் எஸ்டிமேட் வந்தது: 46,500 ரூபாய். மச்சினன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அந்தச் சோதனையைக் குறை சொல்ல மாட்டேன். காலங்காலமாக மெக்கானிக்குகள் செய்கிற சோதனைதான். வெடிப்பை நிறுத்தினால் சத்தம் நிற்கிறது என்றால், டேப்பட்டோ பெல்ட்டோ இல்லை என்பது நிச்சயம். ஆனால் வெடிப்போடு சேர்ந்து வருகிற சத்தம் பேரிங் ஒன்றுதானா? அந்த அறையில் யாரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் எஸ்டிமேட்டோடு மேஸ்திரி கடைக்குப் போனேன். கடை சாத்துகிற நேரம். பக்கத்து டிங்கரிங் கடையில் சுத்தியல் ஓய்ந்திருந்தது. காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாகப் படித்தார்.

“பேரிங்னா எனக்குக் கேட்டிருக்கும் சார்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“கீழ் சத்தமெல்லாம் கேக்குது சார். லாரி, இடி, பேரிங்... அது அடி வயித்துலயே கேக்கும். மேல் சத்தந்தான் போச்சு. குருவி, கொலுசு, டேப்பட்... நாலு வருஷம் ஆச்சு. பேத்தி என்ன சொல்லுதுன்னு வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்றேன்.” காகிதத்தை நாலாக மடித்தார். “வெளியே சொல்லிடாதீங்க சார். காது போன மேஸ்திரிகிட்ட எவன் வண்டி விடுவான்?”

நாற்பத்தைந்து வருஷம் பக்கத்தில் டிங்கரிங் சுத்தியல், எதிரில் கிரைண்டர், தலைக்குள் சைலன்சர் கழற்றிய என்ஜின். 85 டெசிபலில் தினம் எட்டு மணி நேரம் இருந்தாலே ஆபத்து என்கிறார்கள். சத்தத்தால் கெடுகிற காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் சுருதிகளைத்தான். உட்காதில் அதற்கென்று இருக்கும் நுண்ணிய மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் இதையும் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் கரண்டில் வேலை நடக்கிற இடமானால், பத்துப் பேராவது இருந்தால்தான் தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. மேஸ்திரி கடையில் இரண்டே பேர்!

இரண்டாவது ஆள், பையன், ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“டேய், நீ கேட்டியா?”

“கேட்டேன் மேஸ்திரி.”

“ஏன்டா சொல்லல?”

அவன் காலால் தரையைத் தேய்த்தான். “டேப்பட்டுன்னு நினைச்சேன். நீங்க டீக்குப் போன நேரத்துல ரெண்டு தடவை வெச்சுப் பார்த்தேன். போகல.”

பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு வருஷமாகவே, கடைக்கு வருகிற மேல் சத்தங்களையெல்லாம், மேஸ்திரி டீ குடிக்கப் போகும்போது இவன் சத்தமில்லாமல் சரி பண்ணிவிடுகிறான். அவர் மனம் நோகக் கூடாதாம். மேஸ்திரி சிரித்தார். “தெரியும்டா. இல்லேன்னா ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்க எனக்கென்ன பைத்தியமா?”

அப்புறம் அவர் பையனை விசாரித்த விதம் இருக்கிறதே, கோர்ட்டில்கூட அப்படிப் பார்த்ததில்லை. சத்தம் எப்படி என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது என்று மட்டுமே கேட்டார்.

“காலையில வருதா, எப்பவும் வருதா?”

“காலையில மட்டும்.”

“சூடானா கூடுதா, குறையுதா?”

“சூடானா போயிடுது மேஸ்திரி.”

“ரேஸ் பண்ணா?”

“வேகமா வருது. ஆனா சுதி மாறல.”

“பேரிங் கிடையாது” என்று எஸ்டிமேட்டை என்னிடம் நீட்டினார். “சூடானா ஆயில் தண்ணியா இளகும் சார். பேரிங்ல இடம் விட்டுப்போயிருந்தா அப்பத்தான் சத்தம் கூடணும். இது போகுது. சூடானா இரும்பு விரியும். விரிஞ்சு எதையோ அடைக்குது. அப்ப சில்லுன்னு இருக்கறப்போ எங்கேயோ திறந்திருக்கு. வெடிக்கிறப்பல்லாம் அது வழியா ஊதுது. வண்டியை விட்டுட்டுப் போங்க. காலையில கையால பார்த்துடறேன்.”

கையாலா?

மறுநாள் விடியற்காலை. மேனிஃபோல்டை மூடியிருக்கும் தகரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். சிலிண்டரில் வெடித்த புகை சைலன்சருக்குப் போகிற முதல் குழாய் அதுதான். என்ஜின் ஐஸ் மாதிரி இருந்தது. பையனிடம் ஒரு ஈரத்துணியைக் கொடுத்துப் பின்னால் அனுப்பினார். “நான் கை காட்டினா சைலன்சர் வாயை ஒரு செகண்டு அடைச்சு எடு. புகையைக் குடிச்சுடாதே.” சாவியைத் திருகும் உத்தியோகம் எனக்கு.

டிக் டிக் டிக். மேஸ்திரி புறங்கையை மேனிஃபோல்டின் ஓரமாக, தொடாமல், ஜுரம் பார்க்கிற மாதிரி நகர்த்திக்கொண்டே வந்தார். முதல் சிலிண்டர், இரண்டாவது சிலிண்டர்... மூன்றாவதில் கை நின்றது. இடது கையால் சைகை காட்டினார். பையன் துணியால் அடைத்தான். டிக் டிக் என்பது சடசடவென்று பலத்தது. மேஸ்திரிக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

“ஊதுது சார்! கையில வந்து தட்டுது பாருங்க. குழந்தை ஊதற மாதிரி.”

நான் இறங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். புஸ், புஸ், புஸ் என்று குட்டிக் குட்டி மூச்சு. என் காதுக்கு டிக் டிக் என்று வந்தது, அவர் தோலுக்குப் புஸ் புஸ் என்று வந்திருக்கிறது. மூன்று நிமிஷத்தில் இரும்பு சூடேறியது; மூச்சும் நின்றது, சத்தமும் நின்றது. அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். மூன்றாவது வாய்க்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்குக் கரி, கண்மை தீற்றின மாதிரி.

புதுப்பேட்டை என்ஜினோடு மேனிஃபோல்டு வரவில்லை. எங்கள் பழைய வண்டியினுடையதைத்தான் மாட்டியிருந்தார். பேக்கிங் புதுசு, மேனிஃபோல்டு பழசு. கழற்றி, அதன் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்தால் ஒரு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. இத்தனை வருஷச் சூட்டில் மயிரிழை முறுக்கிக்கொண்டிருக்கிறது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவ 300 ரூபாய். பேக்கிங் 220. “மாட்டறப்பவே ஸ்கேல் வெச்சுப் பார்த்திருக்கணும். என் வேலைதான்” என்று கூலி வாங்க மறுத்துவிட்டார். 46,500 எங்கே, 520 எங்கே! மச்சினனிடம் இரண்டு தொகையையும் ஒரே காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவன் கூட்டிப் பார்த்தான். என்ன பிறவியோ!

அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றாவது சிக்னல் வரைக்கும் பேசாமல் வந்துவிட்டு, “தையல் மெஷின் எங்கேடா?” என்றாள். விற்றுவிட்டேன் என்றேன்.

மேஸ்திரியை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது நான் இல்லை, பையன். காதில் கருவி மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளாகக் கொடுத்து, கோடு போட்டார்களாம். இடது பக்கம் சமமாக வந்த கோடு வலது பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியதாகக் கையால் வரைந்து காட்டினார். இப்போது காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். வீட்டில் போட்டுக்கொள்கிறார். பேத்தி பேசுவது பேத்தி குரலிலேயே கேட்கிறதாம். கடையில் வேலை நடக்கும்போது கழற்றிச் சட்டைப்பையில் டப்பாவுக்குள் வைத்துவிடுகிறார். “மாட்டினா மவுன்ட் ரோடு ஹாரன் மொத்தமும் உள்ளே வருது சார்.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். “பேரு வேணாம். பேட்டை வேணாம். பையன் கேட்டுச் சொல்றான்னு போடுங்க. அவன் நாளைக்குக் கடை வெக்கணும்ல?” என்றார்.

போன மாதம் ஆயில் மாற்றப் போயிருந்தேன். ஒருவர் ஒரு சான்ட்ரோவைக் கொண்டுவந்து நிறுத்தி, “சத்தம் வருது” என்றார். மேஸ்திரி அவரைக் கேட்கவே இல்லை. பையனைப் பார்த்தார். பையன் வண்டியை ரேஸ் பண்ணி, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“கொலுசு மாதிரி மேஸ்திரி.”

“நடக்கிற கொலுசா, உதறுற கொலுசா?”

பையன் இன்னொரு தடவை ரேஸ் பண்ணினான். “உதறுது. ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும்.”

“கீழே படு. சைலன்சர் மேல தகரம் இருக்கும். குச்சியால அழுத்திப் பாரு.”

பையன் குச்சியோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான். உதறல் நின்றது. “போல்ட்டு ஒண்ணு இல்ல மேஸ்திரி!” என்று அடியிலிருந்து குரல் வந்தது. மேஸ்திரிக்கு அது கேட்டிருக்காது. அதற்குள் அவர் டப்பாவில் போல்ட்டு தேடிக்கொண்டிருந்தார்.